"உனக்கு ஆர்வமில்லை" என்கிறார் முதலாளி

கேள்வி: மஸ்கெலியாவிலிருந்து வந்து புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். காலை எட்டரைக்குத் திறந்தால் இரவு எட்டரைக்குத்தான் மூடுவோம். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம். ஞாயிறு மட்டும் லீவு. பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு எதிலும் மனம் ஒட்டுவதில்லை. "உனக்கு வேலையில் ஆர்வமில்லை" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்கிறார். இரவில் யூடியூபில் தன்னம்பிக்கைப் பேச்சுகள் கேட்கிறேன். காலையில் உசாராக இருக்கிறது, பின்னேரம் போய்விடுகிறது. நீண்ட நேர வேலையில் உற்சாகம் குறையாமல் இருக்க என்ன செய்யலாம்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கொழும்பு 11)

பதில்: தம்பி, ஆர்வம் இல்லாத ஆள் இப்படி ஒரு கேள்வியை உட்கார்ந்து எழுதி அனுப்பமாட்டார். முதலில் உங்கள் நேரத்தைக் கணக்குப் பார்ப்போம்.

சாப்பாட்டு நேரத்தைக் கழித்தால் நாளுக்குப் பதினொன்றரை மணித்தியாலம். ஆறு நாளைக்கு 69. நமது நாட்டில் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது, கடை, அலுவலக ஊழியர்களுக்கானது. அதன்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் ஓவர்டைம் வாங்கலாம், ஆனால் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, அதற்கும் ஒன்றரை மடங்கு சம்பளம் கொடுக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் 57. நீங்கள் அதற்கும் மேலே 12 மணித்தியாலம் நிற்கிறீர்கள். வார லீவும் சட்டப்படி ஒன்றரை நாள். உங்களுக்குக் கிடைப்பது ஒரு நாள்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று அது சொல்கிறது. உங்கள் வாரம் 69. உங்கள் முதலாளி ஆர்வக்குறைவு என்று சொல்வதற்குப் பெயர் களைப்பு. அதை உங்கள் குணத்தின் குற்றமாக நீங்களும் ஏற்றுக்கொண்டிருப்பதுதான் எனக்கு வருத்தம்.

மூன்று மணி விஷயத்துக்கு வருகிறேன். மனித உடம்பில் விழிப்பு ஒரே அளவில் இருப்பதில்லை. மத்தியானத்துக்குப் பிறகு, ஏறக்குறைய இரண்டிலிருந்து நான்கு மணி வரை, அது இயல்பாகவே இறங்கும். நன்றாகத் தூங்கியவருக்கும் இறங்கும். முந்தின இரவு நித்திரை குறைந்திருந்தால் இன்னும் ஆழமாக இறங்கும். கடையை மூடி, விரித்த துணியையெல்லாம் மடித்து வைத்து, அறைக்குப் போய்க் குளித்துச் சாப்பிட இரவு பத்தரையாவது ஆகிவிடும். அதற்குப் பிறகு பேச்சு கேட்டால் எத்தனை மணிக்குப் படுப்பீர்கள்? வளர்ந்த ஆளுக்கு ஏழு மணித்தியால நித்திரையாவது வேண்டும். அந்தப் பேச்சாளர் தரும் உற்சாகத்தைவிட அவர் எடுத்துக்கொள்ளும் நித்திரை பெரிது. அதை நிறுத்துங்கள். கேட்கத்தான் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள்.

ஆறு மணிக்கு மேல் பிளேன்டீயும் வேண்டாம். தேயிலையில் உள்ள கஃபீனில் பாதி, ஐந்து மணித்தியாலம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

கால்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் புடவைக் கடையில் முதலில் களைப்பது கால்தான். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளிவிடும். ஒரே இடத்தில் நின்றால் அந்தத் தள்ளல் இல்லை, இரத்தம் கீழேயே தேங்கும். கால் வீங்குவதும், வருடக்கணக்கில் போனால் நரம்பு புடைப்பதும் அதனால்தான். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள். மேல்மாடியிலிருந்து துணிக்கட்டு எடுத்துவரச் சொன்னால் நீங்களே முன்வந்து போங்கள். இரவில் காலை உயர்த்தி வைத்துச் சற்று நேரம் படுங்கள். இன்னொன்று, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பிள்ளைகள் புறக்கோட்டையில் நிறையப் பேர், பெண் பிள்ளைகள் இன்னும் அதிகம். கொழும்பு வெக்கையில் அது தலையிடியையும் களைப்பையும் கூட்டும். தண்ணீர் குடியுங்கள், கழிப்பறைக்குப் போங்கள். அதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

வேலையில் பிடிப்பு வருவதற்கும் வழி உண்டு. துணியைப் படியுங்கள். பருத்தி எது, ரேயான் எது, கலப்பு எது என்று விரலால் தொட்டே சொல்லப் பழகுங்கள். எந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது, என்ன விலைக்கு வருகிறது என்று கவனியுங்கள். சிங்களம் சரளமாக வந்தால் பிரதான வீதியில் எந்தக் கடையும் உங்களைக் கூப்பிடும். இன்று நேற்றைவிட ஒன்று கூடத் தெரியும் என்ற நிலையில் நேரம் கொஞ்சம் வேகமாகப் போகும். ஆனால் இதெல்லாம் 57 மணித்தியாலத்துக்குள் பலிக்கிற யோசனை. 69இல் எதையும் படிக்க மூளைக்கு இடமிருக்காது.

தீபாவளிக்கு முன்னும், நத்தாருக்கும், சித்திரைப் புத்தாண்டுக்கும் கடை நீண்ட நேரம் திறந்திருப்பது வேறு விஷயம். முடிவு தெரிந்த நெருக்கடியை மனிதர் தாங்குவார்கள். வருடம் முழுவதும் சீசன் போலவே நிற்க வைப்பதை உடம்பு தாங்காது.

ஆகவே ஒரு சின்னக் கொப்பியில் தினமும் வந்த நேரம், போன நேரம் எழுதி வையுங்கள். உங்கள் பெயரில் ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் போகிறதா என்றும் விசாரியுங்கள். சம்பளத்தில் 8 சதவீதம் உங்களிடமிருந்து, 12 சதவீதம் முதலாளியிடமிருந்து போக வேண்டும். கூட வேலை செய்பவர்களோடு பேசுங்கள். தனியாகப் போய்க் கேட்டால் "இவனுக்குத்தான் வேலை செய்ய மனமில்லை" என்று முடித்துவிடுவார்கள். நான்கைந்து பேராக, வியாபாரம் குறைந்த ஒரு மாதத்தில், மரியாதையாகக் கேளுங்கள்: ஓவர்டைமுக்குக் காசு, சனிக்கிழமை அரை நாள், விற்பனை மேசைக்குப் பின்னால் இரண்டு கதிரை. கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாகவே கொண்டுவந்துவிட்டன. கதிரை போட்டதால் வியாபாரம் படுத்துவிடாது.

கேட்டும் பலனில்லை என்றால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது. கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள். பயம் இருக்கும், வீட்டுக்கு அனுப்ப வேண்டிய காசு நினைவுக்கு வரும். அது எனக்கும் தெரியும், அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறேன். தேவையென்றால் வேறு கடை பார்த்து வைத்துக்கொண்டே கேளுங்கள்.

இந்தப் பக்கத்தைக் கடை முதலாளிமார் பலர் வாசிக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் பிள்ளைகளை முறைபோட்டுக் கால் மணித்தியாலம் உட்கார விடுங்கள். வாடிக்கையாளர் முன்னால் யாரையும் ஏசாதீர்கள். இந்த இரண்டையும் நாளைக்கே தொடங்கலாம்.