திரையில் சரி, தாளில் தவறு: வளையின் மறுதாக்கக் கணக்கு

வளையில் (சுமை தாங்கும் கிடையான உத்திரத்தில்) சுமையை நகர்த்திக் காட்டும் செயலியைக் கொண்டு கற்பிக்கும்போது, மாணவர் தமது விடையைத் தாளில் எழுதி முடிக்கும்வரை திரையில் தெரியும் மறுதாக்க எண்களை, அதாவது தாங்கிகள் வளையை மேல்நோக்கித் தாங்கும் விசைகளின் எண்களை, மறைத்து வையுங்கள். செயலியில் சுமையை நகர்த்தி விடை சொல்லும் முதலாம் வருட மாணவர்கள் பரீட்சைத் தாளில் தடுமாறுகிறார்கள் என்று நீங்கள் எழுதியதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: அவர்கள் எண்ணை வாசிக்கிறார்களே தவிர, வளையில் தாக்கும் விசைகளைக் காட்டும் விசைப்படம் வரைவதில்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். இரு முனைகளிலும் தாங்கப்பட்ட 4 மீற்றர் வளையில், இடது முனையிலிருந்து 1 மீற்றரில் 600 நியூட்டன் சுமையை வைத்து, இரு மறுதாக்கங்களையும் முதலில் தாளில் கேளுங்கள். சரியான விடை இடதில் 450, வலதில் 150 நியூட்டன். 300, 300 என்று எழுதுபவருக்குத் திருப்பம் (விசையை அதன் செங்குத்துத் தூரத்தால் பெருக்குவது) பற்றிய விளக்கமே இல்லை. 150ஐயும் 450ஐயும் இடம் மாற்றி எழுதுபவர் கணக்கைச் செய்திருக்கிறார், ஆனால் எந்த முனையைப் பற்றித் திருப்பம் எடுத்தார் என்பதைக் குறிக்கவில்லை. இவரைத் திருத்துவது எளிது. அதன் பிறகே எண்களைத் திறந்து, சுமையை நடுவுக்கு நகர்த்தச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இத்தகைய செயலிகள் பல வளையின் சொந்த நிறையைக் கணக்கில் எடுப்பதில்லை. நம் ஊர்க் கூரையின் பனை வளையைத் தோளில் தூக்கிய மாணவர் இதை உடனே கேட்பார்.