தண்ணீரில் ஃபோல்டமர் உண்மையிலேயே விருந்தினர் மூலக்கூறைப் பிடிக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

ஃபோல்டமர் என்பது தானாகவே மடிந்து குறிப்பிட்ட வடிவம் எடுக்கும் செயற்கைச் சங்கிலி மூலக்கூறு; மடியும்போது நடுவில் உருவாகும் குழிக்குள் புகும் சிறு மூலக்கூறுதான் விருந்தினர். குளோரோஃபார்மில் நன்றாகப் பிடித்த ஃபோல்டமர் தண்ணீரில் ஏன் கைவிடுகிறது, பிடிப்பதுபோல் தெரிந்தாலும் அது குழிக்குள்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. குளோரோஃபார்மில் ஹைட்ரஜன் பிணைப்பே போதும். தண்ணீரிலோ 55 மோலார் செறிவில் தண்ணீரே போட்டிக்கு நிற்கிறது; உங்கள் அமைடு என்.எச். மீது அதுதான் முதலில் போய் ஒட்டும். அங்கே வேலை செய்ய வேண்டியது நீர்வெறுப்புள்ள குழி. குழிக்குள் அடைபட்ட நீர் மூலக்கூறுகள் வெளியில் உள்ளவைபோல் முழுமையாக ஹைட்ரஜன் பிணைப்பு அமைக்க முடியாமல் தவிக்கும். விருந்தினர் அவற்றை வெளியேற்றும்போது கிடைக்கும் லாபம்தான் பல நேரம் பிடிப்பின் பெரும்பங்கு. ஹைட்ரஜன் பிணைப்புக் குழுக்களை, எதைப் பிடிக்கலாம் என்று தேர்வதற்காக, நீர் எளிதில் எட்டாத உட்சுவரில் வையுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வேதியியலாளர் ஜெஃப்ரி மூரின் குழு 2000-இல் செய்ததைப் பாருங்கள். அவர்களுடைய மெட்டா ஃபீனைலீன் எதைனைலீன் சங்கிலி, ஆறு அலகுக்கு ஒரு சுற்றாகச் சுருளும். குளோரோஃபார்மில் விரிந்து கிடக்கும், அசிட்டோநைட்ரைலில் மடியும். 40 சதவீதம் நீர் கலந்த அசிட்டோநைட்ரைலில் 12 அலகுச் சங்கிலி ஆல்ஃபா பைனீன் என்ற சிறு நீர்வெறுப்பு மூலக்கூறை ஏற்றது. மெத்தில் குழுக்களை உள்நோக்கி வைத்துக் குழியை அடைத்த இன்னொரு சங்கிலி ஏற்கவில்லை. அந்த ஆய்வை நம்ப வைப்பதே இந்த ஒப்பீடுதான். உங்கள் மூலக்கூறுக்கும் குழி அடைபட்ட ஒன்றையோ, ஒரு சுற்றுகூட முடியாத குட்டைச் சங்கிலியையோ தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டைட்ரேஷனுக்கு, அதாவது விருந்தினரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளப்பதற்கு, முன் ஒரு சோதனையைத் தவிர்க்கவே கூடாது. ஃபோல்டமரை மட்டும் 2 மில்லிமோலாரிலிருந்து 0.05 வரை நீர்த்து என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலை எடுங்கள். அரோமேட்டிக் சிகரங்கள் நகர்ந்தாலோ, அடர்ந்த கரைசலில் அகன்று போனாலோ, மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்கின்றன. மடிய வைக்கும் அதே விசைதான் அடுக்கவும் வைக்கிறது என்பதால் தண்ணீரில் இது அடிக்கடி நடக்கும். சிகரம் நகராத செறிவுக்கு இறங்குங்கள், அது என்.எம்.ஆருக்குப் போதாது என்றால் புறஊதா அல்லது ஃபுளோரசன்ஸ் முறைக்கு மாறுங்கள்.

பிடிப்பின் வலிமையைக் காட்டும் பிணைப்பு மாறிலி, ஒரு மோலாருக்கு ஆயிரத்தைச் சுற்றி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். கனநீர் பஃபரில் 0.5 மில்லிமோலார் ஃபோல்டமர் கரைசலை 500 மைக்ரோலிட்டர் குழாயில் எடுங்கள். விருந்தினரை 50 மில்லிமோலாராக, அதே ஃபோல்டமர் கரைசலிலேயே கரையுங்கள். அப்போதுதான் சேர்க்கச் சேர்க்க ஃபோல்டமர் நீர்த்துப்போகாது. முதலில் 2 மைக்ரோலிட்டர், பிறகு படிப்படியாகக் கூட்டி, மொத்தம் 125 சேர்த்தால் விருந்தினர் 10 மில்லிமோலார் ஆகும்; குழிகளில் சுமார் 90 சதவீதம் நிரம்பிவிடும். பாதியில் நிறுத்தினால் மாறிலியை நம்ப முடியாது. பி.எச். மீட்டர் காட்டுவதோடு 0.4 கூட்டினால் கனநீரில் பி.எச்.சுக்கு இணையான பி.டி. கிடைக்கும். கரையாத விருந்தினருக்காக டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானைச் சேர்த்தே ஆகவேண்டும் என்றால் எல்லாப் புள்ளியிலும் ஒரே சதவீதம் இருக்கட்டும். அது பிடிப்பைத் தளர்த்தும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பலர் சறுக்குவது, என்.எம்.ஆர். சிகரங்களின் இடத்தை ஒப்பிடக் கரைசலில் சேர்க்கும் டி.எஸ்.பி. (TSP) போன்ற உள் அளவுகோலில். அதன் டிரைமெத்தில்சிலில் முனை நீர்வெறுப்புக் குழிக்குள் தானே நுழையக்கூடும். அதைத் தனிக் கேப்பில்லரியில் அடைத்து வையுங்கள். இன்னொன்று, கரைதிறனுக்காக வெளியே தொங்கவிட்ட, எதிர்மின் சுமக்கும் கார்பாக்சிலேட்டுகள். நேர்மின் விருந்தினர் அவற்றில் ஒட்டிக்கொண்டாலும் சிகரம் நகரும். 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு சேர்த்து மறுபடி அளவிடுங்கள். மாறிலி சரிந்தால், நீங்கள் அளந்ததில் பெரும்பங்கு வெளிப்புற மின்னூட்ட ஈர்ப்பாக இருக்கலாம். நீர்வெறுப்புப் பிடிப்பு மட்டும் என்றால் உப்பில் நிலைக்கும், சற்று வலுக்கவும் செய்யும்.

ஃபோல்டமரும் விருந்தினரும் எந்த விகிதத்தில் சேர்கின்றன என்று காட்டும் ஜாப் வரைபடத்தை வைத்து 1:1 என்று முடிவுகட்டாதீர்கள். 1:1, 1:2 இரண்டு சமன்பாடுகளையும் பொருத்தி, மிச்சப் பிழை ஒரே பக்கம் வளைகிறதா என்று பாருங்கள். ஃபோல்டமர் கைரலாக இல்லாமல், விருந்தினர் மட்டும் கைரலாக (தன் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாததாக) இருந்தால் சி.டி. (வட்ட இருநிறத்தன்மை) நிறமாலையும் எடுங்கள்: ஃபோல்டமர் உறிஞ்சும் அலைநீளத்தில் புதிதாகச் சமிக்ஞை எழ வேண்டும், விருந்தினரின் எதிர் எனான்டியோமர் (கண்ணாடிப் பிம்ப வடிவம்) அந்தச் சமிக்ஞையின் கண்ணாடிப் பிம்பத்தைத் தர வேண்டும். இதே சமிக்ஞை குழி அடைத்த சங்கிலியிலும் வந்தால் பிடிப்பு குழிக்கு வெளியே நடக்கிறது.