வாசகர் கேள்வி பதில்: தொடை நடுங்கும்போதே பேனாவை எடுங்கள்

கேள்வி: எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் பெண்களுக்கு யோகா சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்த குடும்பங்கள். 'மனத்துணிவு' என்று தலைப்புக் கொடுத்து எழுதவும் சொன்னேன். எல்லாரும் மேடைப்பேச்சு மாதிரி எழுதிவிட்டார்கள். எங்கே தப்பு?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தப்பு தலைப்பில்தான். 'மனத்துணிவு' என்று பலகையில் எழுதிப் போட்டால், எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) கட்டுரை எழுதிப் பழகிய கை தானாக 'துணிவே துணை' என்று தொடங்கிவிடும். அந்தச் சொல்லை வகுப்பில் உச்சரிக்கவே வேண்டாம்.

இன்னொன்று, வரிசை. ஆசனம், சவாசனம், பிறகு எழுத்து என்றுதான் பலரும் வைக்கிறார்கள். சவாசனத்தில் உடம்பு தளர்ந்துவிடும். எழுந்து எழுதினால் இனிப்பான, சாரமில்லாத வரிகளே வரும். எழுத்தை நடுவில் வையுங்கள்: தோள், இடுப்பைத் தளர்த்த 10 நிமிடம், நின்று செய்யும் ஆசனங்கள் 20, எழுத்து 15, திருப்பி எழுத 5, சவாசனம் 10. எழுத்து கிளறிவிட்டதை சவாசனம் அடங்க வைக்கும்.

நின்று செய்வதில் வீரபத்திராசனத்தின் இரண்டாம் வகை போதும். கால்களை 3 முதல் 4 அடி அகட்டி, முன்பாதத்தை முழுக்க வெளியே திருப்பி, பின்பாதத்தைச் சற்று உள்ளே திருப்பி, முன்முழங்காலை மடக்கி, கைகளைத் தோள் மட்டத்தில் நீட்டச் சொல்லுங்கள். பக்கத்துக்கு 5 மூச்சு, 3 சுற்று. கடைசிச் சுற்றில் தொடை நடுங்கும். நமக்கு வேண்டியது அந்த நடுக்கம்தான். அப்போது பலர் பல்லைக் கடித்து மூச்சைப் பிடிப்பார்கள். அப்படிப் பிடிக்க விடக்கூடாது, வெளிமூச்சை எண்ணச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கவே கூடாது, கைகளை இடுப்பில் வைத்துக்கொள்ளட்டும்.

நோட்டுப் புத்தகம் வகுப்பு தொடங்கும் முன்பே பாயின் தலைமாட்டில் திறந்திருக்க வேண்டும், பேனா மூடி கழற்றியிருக்க வேண்டும். ஆசனம் முடிந்த அரை நிமிடத்துக்குள் எழுதத் தொடங்கணும். நடுவில் ஊர்ப்பேச்சு புகுந்தால் போச்சு.

கேட்க வேண்டியது இவ்வளவுதான்: கால் நடுங்கிய ஓர் இடம். தரை எப்படி இருந்தது? கையில் என்ன இருந்தது? எதிரே யார்? இருட்டில் நெற்றி விளக்கோடு பால்மர (ரப்பர் மர) நிரையில் நடந்ததாக இருக்கலாம், தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் குறைந்த சம்பளத்தைக் கேட்டதாக இருக்கலாம், பேங்கில் கடன் விண்ணப்பப் பாரத்தை நீட்டியதாகவும் இருக்கலாம். பேனா நிற்கக்கூடாது, அடித்துத் திருத்தக்கூடாது, மலாய்ச் சொல் வந்தால் வரட்டும். பிறகு 'ஆனாலும்' என்று வரும் இடத்தைத் தேடிக் கோடு போட்டு, அந்த வரியிலிருந்து 5 நிமிடம் திருப்பி எழுதச் சொல்லுங்கள், 'நான்' என்பதை 'அவள்' ஆக்கி. அந்த 'ஆனாலும்'க்குப் பின்னால்தான் விஷயம் இருக்கும்.

கேள்வி: இந்த ஆசனத்தில் முழங்கால் உள்பக்கம் வலிக்கிறது. விட்டுவிடலாமா?
— வாசகி, பீடோர்

பதில்: பெரும்பாலும் முழங்கால் பெருவிரல் பக்கம் உள்ளே சாய்வதால் வரும் வலி இது. முழங்கால் இரண்டாம் கால்விரலை நோக்கி, கணுக்காலுக்கு நேர் மேலே நிற்கட்டும். மடிப்பைக் குறையுங்கள். அப்படியும் வலித்தால் முன்தொடைக்கு அடியில் நாற்காலி போட்டு அதில் பாரத்தை விடுங்கள். மழை நாளில் மண்டபத்து டைல்ஸ் வழுக்கும், காலுறையோடு நிற்கவே கூடாது. அப்புறமும் வலி தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எழுதும்போது ஒருவர் அழுதுவிட்டார். நிறுத்தியிருக்க வேண்டுமா?
— வாசகர், கோல சிலாங்கூர்

பதில்: அழுகை வந்தால் நிறுத்த வேண்டியதில்லை. அவராக நிறுத்தினால் தடுக்கவும் வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் மனத்தைப் பாதித்த நிகழ்ச்சியை நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள் எழுதினார்கள். எழுதி முடித்ததும் மனம் கனத்தது. ஆனால் நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகவே போனார்கள். அன்றைய பாரம் பெரும்பாலும் அன்றே இறங்கும். இறங்காமல் தூக்கம் கெட்டால், அந்த நிகழ்ச்சியை விட்டு வேறொன்றை எழுதச் சொல்லுங்கள். அதற்கும் மேலே போனால் 15999 என்ற தாலியான் காசிஹ் (மலேசிய அரசின் உதவித் தொலைபேசி) எண்ணைக் கொடுங்கள், நீங்களே வைத்தியம் பார்க்கவேண்டாம்.

சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதனால் தாளை யாரும் வாங்கக்கூடாது, வாசிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது, வாசித்தாலும் யாரும் புத்தி சொல்லக்கூடாது.

கேள்வி: எழுதத் தெரியாத பாட்டிமார் என்ன செய்வது?
— அதே வாசகர்

பதில்: பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதட்டும். ஒரே நிபந்தனை, திருத்தக்கூடாது. பாட்டி 'பயமா கெடந்துச்சு' என்றால் அப்படியே போடணும், 'அச்சமாக இருந்தது' என்று அல்ல. முடிந்ததும் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு, நோட்டைப் பாட்டி கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.