மேக்கா, டூவா? பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 'வீ டிட் எ மிஸ்டேக் இன் தி இன்வாய்ஸ்' என்று பையருக்கு, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குபவருக்கு, மெயில் அனுப்பிவிட்டேன். 'டிட் இல்லை, மேட்' என்றார் மேனேஜர். புதிதாக ஒன்றை உருவாக்கினால் மேக், வேலையைச் செய்தால் டூ என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியும் தப்பு வருகிறது. அடுத்த லெவலுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். சேரலாமா?

பதில்: உங்கள் மேனேஜர் சொன்னது சரி. வகுப்பில் சொன்ன விதிதான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது. 'மேக் எ கேக்', 'டூ தி டிஷஸ்' வரைக்கும் அந்த விதி ஓடும். 'மேக் எ ஃபோன் கால்' என்பதில் எதை உருவாக்கினோம்? 'மேக் தி பெட்' என்றால் தச்சு வேலை இல்லை, படுக்கையை உதறி விரித்து வைப்பது. 'டூ டேமேஜ்' என்றால் சேதத்தை உண்டாக்குவதுதான், ஆனால் அங்கே டூ வந்து நிற்கிறது.

நம் பேச்சையே பாருங்கள். டீ போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், சண்டை போடுகிறோம், லீவு போடுகிறோம். இத்தனை 'போடு'வுக்கும் ஒரே விதி யாராவது சொல்ல முடியுமா? பசி எடுக்கிறது, படம் எடுக்கிறோம். சேர்த்தே கேட்டு வளர்ந்தோம், சேர்த்தே சொல்கிறோம். ஆங்கிலத்திலும் அப்படித்தான். தமிழ் வினையை அப்படியே தூக்கிக்கொண்டு போகும்போதுதான் சிக்கல். தப்பு 'செய்தேன்' என்பதால் டிட் வந்துவிட்டது. ஹோம்வொர்க் 'எழுதினேன்' என்பதால் பிள்ளைகள் ரைட் போடுகிறார்கள், அங்கே டூ வர வேண்டும். பொய் 'சொன்னான்' என்பதால் 'செட் எ லை' என்கிறார்கள், அது 'டோல்ட் எ லை'. கையெழுத்துப் 'போடு' என்பதற்கு ஆங்கிலத்தில் சைன் என்ற ஒரு சொல்லே போதும், புட் வேண்டாம்.

அதனால் வினையை மனப்பாடம் செய்யாதீர்கள், பெயர்ச்சொல்லைப் பிடியுங்கள். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே உள்ள அகராதிகள் போனிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் 'மேக்' என்று தேடினால் பக்கம் பக்கமாக வரும், தலை சுற்றும். 'மிஸ்டேக்' என்று தேடுங்கள். உதாரண வாக்கியங்களில் மேக் கூடவே நிற்கும். ஒரு நோட்டில் இடது பக்கம் பெயர்ச்சொல், வலது பக்கம் உங்கள் ஆபீஸ் வேலைக்கு ஒத்துவரும் முழு வாக்கியம் எழுதுங்கள். ப்ராமிஸ், கம்ப்ளெய்ன்ட், பேமென்ட், ப்ராக்ரஸ் நாலுக்கும் மேக். பிசினஸ், ஃபேவர் இரண்டுக்கும் டூ. அட்டென்ஷனுக்கு பே. வாரம் பத்து போதும்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வைத்துப் பலரை அநியாயமாகத் திருத்துகிறார்கள். 'டேக் எ டெசிஷன்' தப்பு இல்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், அதுவும் அலுவலக எழுத்தில், அது வழக்கில் உள்ளதுதான். அமெரிக்கர்கள் பெரும்பாலும் மேக் என்பார்கள். பிரிட்டனிலும் மேக் செல்லும் என்பதால், பையர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் மேக் எழுதினால் வம்பில்லை. ஆனால் நாம் 'முடிவு எடு' என்று சொல்வதால்தான் அங்கே டேக் வந்தது என்று நினைத்து, 'டேக் எ சாய்ஸ்' என்று நீட்டிவிடாதீர்கள். அதற்கு மேக்தான்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1933-லேயே டோக்கியோவில் ஆங்கிலம் கற்பிக்கும் முறையை ஆராய்ந்த ஹெரால்ட் பாமர், இப்படிச் சேர்ந்தே வரும் சொற்களைத் திரட்டி அறிக்கையாகவே கொடுத்துவிட்டார். தொண்ணூறு வருஷம் தாண்டியும் நம் பள்ளிகளில் ஆக்டிவ் வாய்ஸை பாஸிவாக மாற்றத்தான் மதிப்பெண். என்னிடம் வரும் பிள்ளைகள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுகிறார்கள். ப்ராமிஸுக்கு என்ன வினை என்று கேட்டால் விழிக்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் படித்த பிள்ளைக்கு இந்த நிலை என்றால் வயிறு எரிகிறது. பள்ளி விட்ட அந்த இடத்தில்தான் 'முப்பது நாளில் சரளம்' கடைகள் முளைக்கின்றன. முதல் லெவலில் தப்பான விதியைக் கொடுப்பார்கள், அதனால் வரும் தப்பைக் காட்டியே இரண்டாவது லெவலுக்குப் பணம் வாங்குவார்கள்.

அதனால் பணம் கட்ட வேண்டாம். சேர்ந்தே ஆக வேண்டும் என்றால், ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தாலும், போர்டில் பன்னிரண்டு டென்ஸ் அட்டவணை இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், அந்த 'டிட்'டுக்காகப் பையருக்கு இன்னொரு மெயில் வேண்டாம், அவருக்கு விஷயம் புரிந்திருக்கும். இன்வாய்ஸைத் திருத்தி அனுப்புங்கள், போதும்.