ஆலையை எப்போது நிறுத்துவது?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் சிறிய அரிசி ஆலையொன்றை நடத்தி வருகிறேன். பெரும்போக அறுவடை முடிந்து படுவான்கரையிலிருந்து நெல் மூடைகள் வந்து குவியும் மாசி, பங்குனியில் இயந்திரத்தை ஒரு மணித்தியாலம்கூட நிறுத்த மனம் வருவதில்லை. சென்ற போகத்தில், சுழலும் தண்டைத் தாங்கும் பெயாரிங் ஒன்று இறுகி, ஆலை மூன்று நாட்கள் மூடிக் கிடந்தது. நெல் குவியும் அந்த மாதங்களில் பராமரிப்புக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது?
– வாசகர் ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: ஆலை எத்தனை மணித்தியாலம் ஓடியது என்பதைவிட, ஒரு மூடை நெல்லிலிருந்து எவ்வளவு முழு அரிசி கிடைத்தது என்பதே உங்கள் உண்மையான உற்பத்தி. உமி நீக்கும் இரண்டு இறப்பர் உருளைகளில் ஒன்று மற்றதைவிடச் சுமார் 25 சதவீதம் வேகமாகச் சுழல்வதாலேயே உமி உரிகிறது. வேகமான உருளை முதலில் தேய்ந்து சிறுப்பதால் அந்த வேக வித்தியாசம் குறைந்து, உரியாத நெல் கூடும். அதைக் கண்டதும் பலர் உருளைகளை மேலும் நெருக்கிவிடுகிறார்கள். நெல் உரியத்தான் செய்யும், ஆனால் குறுணல் பெருகும், இறப்பரும் விரைவில் கரைந்துபோகும். இந்த இழப்பு ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் எனக்குப் பெரும் கவலை.

ஆகவே நாளுக்கு இரண்டு முறை, உருளையின் கீழிருந்து வரும் மணிகளில் ஒரு பிடி அள்ளி, தட்டில் பரப்பி, 100 மணிகளை எண்ணிப் பாருங்கள். உரியாதவை 10 முதல் 15 வரை இருப்பது இயல்பு. 20ஐத் தாண்டினால் அன்று மாலையே உருளைகளை இடம் மாற்றிப் பூட்டுங்கள்; இரண்டும் ஒரேயளவாகத் தேயும்.

பெயாரிங் விடயம் வேறு. பந்துப் பெயாரிங்கின் மீதான பாரம் இரட்டித்தால் அதன் ஆயுள் எட்டில் ஒன்றாகக் குறையும். மோட்டாரிலிருந்து ஆலையைச் சுழற்றும் பட்டியை அளவுக்கு மீறி இழுத்துக் கட்டினால் இந்தப் பாரம் கூடும்; அப்படிக் கட்டுவோர் இதனை அறிவதில்லை. சிலிக்கா நிறைந்த உமித்தூசியும் கிறீஸுடன் கலந்து அராவும் என்பதால், கிறீஸ் முனையைத் துணியால் துடைத்த பின்னரே கிறீஸ் அடிக்க வேண்டும். மாலையில் ஆலையை நிறுத்தி மின்னைத் துண்டித்தவுடன் பெயாரிங் கூட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, முந்திய நாளைவிடச் சூடு கூடியிருக்கிறதா எனப் பாருங்கள். கூடியிருந்தால் அடுத்த நாள் வேலையைத் தொடங்குவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள்.

இவற்றுக்கு நாளுக்கு அரை மணித்தியாலம் போதும். முழுமையான கழற்றிப் பூட்டலைச் சிறுபோக நெல் வருவதற்கு முந்திய வைகாசி, ஆனியில் வைத்துக்கொள்ளுங்கள். இறுகிப்போன பெயாரிங்கில் பொறித்துள்ள இலக்கத்தைக் குறித்து, அதே இலக்கத்தில் ஒன்றையும், பட்டிகளில் ஒரு சோடியையும் தை மாதத்திலேயே வாங்கி வையுங்கள். பெயாரிங்கை மாற்றுவது சில மணித்தியால வேலை, மீதி நாட்கள் பெரும்பாலும் உதிரிப்பாகம் தேடுவதிலேயே போகும்.