அறிவியல் பணிக்காகச் செய்யப்பட்ட பழைய கைக்கடிகாரங்களை வாங்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும்?

உள்ளே இருக்கும் இரும்பை. டயல் அழகும் கம்பெனிப் பெயரும் அதற்குப் பிறகுதான்.

சாவி கொடுக்கிற வாட்சின் உயிர் அதன் ஹேர்ஸ்பிரிங், அதாவது ஓட்டத்தைச் சீராக வைக்கும் முடி போன்ற மெல்லிய சுருள்வில். அதில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சுருள் குட்டையானதுபோல் ஆகி வாட்ச் தாறுமாறாக வேகம் பிடிக்கும். ஆய்வுக்கூடத்திலும் மின்நிலையத்திலும் வேலை பார்த்தவர்களுக்கு இது பெரிய தொல்லை. அதற்காகவே 1950-களில் மெஷினைச் சுற்றித் தேனிரும்பில் ஓர் உள்கூடு வைத்தார்கள். காந்தப்புலம் மெஷினைத் தொடாமல் அந்த இரும்பு வழியாகவே சுற்றிப் போய்விடும். 1955-ல் ஐ.டபிள்யூ.சி. இன்ஜெனியர் வந்தது. ரோலெக்ஸ் மில்காஸும் 1957-ல் வந்த ஒமேகா ரயில்மாஸ்டரும் 1,000 காஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வரை தாங்குபவை. எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது 1958-ன் ஜெகர் லெகூல்த்ர் ஜியோபிசிக். பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து பூமியை ஆராய்ந்த சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டிச் செய்தது. அலட்டல் இல்லாத டயல், வேலைக்காகவே பிறந்த முகம்.

ஆகவே, பின்மூடியைக் கழற்றி எடுத்த படம் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். வெளிமூடிக்குக் கீழே இன்னொரு இரும்பு மூடி தெரிய வேண்டும். கழற்றியதும் நேராக மெஷின் தெரிந்தால், யாரோ எப்போதோ ரிப்பேருக்குத் திறந்தபோது உள்மூடி தொலைந்திருக்கிறது. அந்த வாட்சின் பொருளே போய்விட்டது.

நம் டெல்டாக்காரர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. தேனிரும்பு துருப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கும்பகோணத்தில் உப்பு ஜாடியே நீர்த்துப்போகிறது. அறுபது வருட ரப்பர் வளையம் எந்த ஈரத்தைத் தடுக்கும்? எனக்கு வாட்ச் பார்க்கும் பெரியவர் திறந்ததும் முதலில் லென்ஸ் வைப்பது உள்மூடியின் விளிம்பில்தான். மழைக்காலம் முழுக்க என் வாட்சுகள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடிய டப்பாவில் இருக்கும். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் கடல் காற்றும் சேர்வதால் அங்கே இருப்பவர்கள் வருடம் முழுக்கவே இப்படி வைப்பது நல்லது. இருட்டில் ஒளிரும் பழைய டயலை மட்டும் சுரண்டாதீர்கள். ஒளி மங்கியிருந்தாலும் அதில் பூசிய கதிரியக்க ரேடியம் அப்படியே இருக்கும்; அதன் அரை ஆயுள் சுமார் 1,600 வருடம்.

விலைதான் பெரிய தடை. 2023-ல் பழைய மில்காஸ் ஒன்று ஜெனீவா ஏலத்தில் 20 லட்சம் சுவிஸ் பிராங்கைத் தாண்டியது. புதிதாகத் தொடங்குபவருக்கு, டாக்டர்கள் நாடி எண்ணுவதற்காகச் செய்த பல்சோமீட்டர் டயல் வாட்சுகளைச் சொல்வேன். விநாடி முள்ளை ஓடவிட்டு 30 துடிப்பு எண்ணி நிறுத்தினால், நிமிடத்துக்கு எத்தனை என்று விளிம்பிலேயே படிக்கலாம். நம் ஊர்ச் சந்தையில் டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்து விற்பது சகஜம் என்பதால், இதைச் சோதிக்க ஒரு கணக்கு: 30 துடிப்பு டயலில் 60 என்ற எண் 30-வது விநாடிக்கு நேராகவும், 90 என்பது 20-க்கும், 120 என்பது 15-க்கும் நேராகவும் நிற்க வேண்டும். விலகியிருந்தால் எவ்வளவு பளபளத்தாலும் வாங்காதீர்கள்.