பழைய வார்னிஷ் மேல் புதுச் சாயம் பிடிக்குமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் கதவு, நிலை, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் இருபது வருஷத்துக்கு முன்பு அடித்த சிவப்பு நிறம். தைப்பூசம் முடிந்ததும் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் எல்லாவற்றையும் கடுங்காப்பி நிறத்துக்கு மாற்ற நினைத்து, ஹார்டுவேர் கடையில் ஸ்டெயின் வாங்கி ஓர் அறைக் கதவில் பூசினோம். மூன்று நாளாகியும் காயவில்லை, தொட்டால் கையோடு வருகிறது. சரக்கு கெட்டுவிட்டதா? பழையதை முழுக்கச் சுரண்டித்தான் ஆக வேண்டுமா?"

சரக்கில் குறையில்லை, சகோதரி. நீங்கள் வாங்கியது மரம் உறிஞ்சிக்கொள்ள வேண்டிய சாயம். உங்கள் கதவிலோ வார்னிஷ் வழியை அடைத்திருக்கிறது. வாழையிலையில் தண்ணீர் நிற்பதுபோல சாயம் மேலேயே நிற்கிறது. இன்னும் ஒரு வாரம் விட்டாலும் அது சரியாக இறுகாது. டர்பன்டைனில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்து எடுத்துவிடுங்கள். தின்னர் வேண்டாம். கீழே இருப்பது லேக்கர் என்ற வகை வார்னிஷாக இருந்தால் அதுவும் கரைந்து குழம்பிவிடும்.

எல்லாவற்றையும் சுரண்ட வேண்டியதில்லை. நீங்கள் போவது வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு. அது உங்களுக்குச் சாதகம். அடர் நிறத்தை வெளிறச் செய்ய வேண்டுமென்றால்தான் வெறும் மரம் தெரியும்வரை இறங்க வேண்டியிருக்கும்.

முதலில் மேலே இருப்பது என்னவென்று பாருங்கள். நம் ஊரில் எந்த வார்னிஷையும் 'சேலாக்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் எல்லாம் சேலாக் இல்லை. கீல் பக்கமோ கதவின் மேல் விளிம்போ, கண்ணுக்குப் படாத ஓர் இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் உண்மையான சேலாக். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லேக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் பெரும்பாலும் பாலியூரித்தேன்.

இனி கதவு. தாமான் வீடுகளில் அறைக் கதவு முழு மரமாக இருப்பது குறைவு. பெரும்பாலும் ஒட்டுப்பலகை, அதன் மேல்தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் மெஷினை வைத்துத் தேய்த்துப் பசை தெரிய ஓட்டை போட்ட கதவுகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மாற்றுக் கதவு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே கதவைச் சுரண்டாதீர்கள். சோப்புத் தண்ணீரால் அழுக்கைக் கழுவுங்கள். நிலையில் மஞ்சள் குங்குமம் வைத்த இடத்தையும், சாமி விளக்கின் எண்ணெய்ப் புகை படிந்த இடத்தையும் இரண்டு மூன்று முறை துடையுங்கள், பிசுக்கு இருந்தால் அங்கே மட்டும் புது நிறம் பிடிக்காது. காய்ந்த பிறகு 220 எண் கெர்தாஸ் பாசிரால் (உப்புத்தாள்), மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே, பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் கையால் தேயுங்கள். தூசியைத் துடைத்துவிட்டு ஜெல் ஸ்டெயின் பூசுங்கள். அது கெட்டியானது, உள்ளே இறங்காமல் மேலேயே படலமாக ஒட்டும். சுங்கை சிப்புட்டில் கிடைக்காவிட்டால் ஈப்போவில் கேட்டுப் பாருங்கள். நிறம் கலந்த வார்னிஷும் உதவும், ஆனால் வழிந்த இடமெல்லாம் கறுத்துத் தெரியும், கை பழகியிருக்க வேண்டும்.

ஒரே பூச்சில் நிறத்தைக் கொண்டுவர முயல வேண்டாம். மெல்லியதாக இரண்டு, தேவைப்பட்டால் மூன்று பூச்சு. முடிவில் நிறமில்லாத பாலியூரித்தேன் இரண்டு பூச்சு கட்டாயம், அதுதான் நிறத்தைக் காக்கும். ஒரு விஷயம்: அடியில் இருக்கும் சிவப்பு முழுதாக மறையாது, புது நிறத்தோடு கலந்து வெளியே தெரியும். அதனால் செம்பழுப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சிவப்புச் சாயல் இல்லாத கரும்பழுப்பே பொருந்தும். டப்பாவின் மூடியில் காட்டிய நிறத்தை நம்பாமல், கதவின் பின்பக்கம் கையளவு இடத்தில் பூசி, காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

கைப்பிடிக்கு இந்த வழி ஒத்துவராது. தினமும் கை தடவும் இடத்தில் மேற்படலம் தேய்ந்து பழைய சிவப்பு எட்டிப்பார்க்கும். அது முழு மரம், தாராளமாக இறங்கலாம். பெயிண்ட் ரிமூவர் தடவி, இளகியதும் வழித்தெடுங்கள். ஜன்னல் கதவெல்லாம் திறந்திருக்கட்டும், கையுறையும் கண்ணாடியும் வேண்டும். பிறகு 120, அடுத்து 180 தாள், அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் சாயம் குறைவாகத்தான் இறங்கும். நீங்கள் ஏற்கெனவே வாங்கிய டப்பா இங்கே பயன்படும். உங்கள் கைப்பிடி மெராந்தியாகவோ ரப்பர் மரமாகவோ இருக்கலாம். ரப்பர் மரம் சில சமயம் சாயத்தை ஒரே சீராகக் குடிக்காமல் திட்டுத்திட்டாக வாங்கக்கூடும், மிச்சத் துண்டில் முதலில் பூசிப் பாருங்கள். நம் முன்னோர் சீவிய மரம் அது. இருபத்தைந்து முப்பது வருஷம் பால் கொடுத்து முடித்ததும் ஒரு காலத்தில் விறகாகப் போனது, இன்று நாற்காலியும் கைப்பிடியுமாக வீட்டுக்குள் வந்திருக்கிறது. அதைக் கெடுத்துவிடாமல் பொறுமையாகத் தேய்க்க வேண்டும் என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும்.

அக்டோபர், நவம்பரில் பேராக்கில் மழை அதிகம். டப்பாவில் எத்தனை மணி நேரம் என்று போட்டிருந்தாலும் ஈரக்காற்றில் அது போதாது, ஒவ்வொரு பூச்சுக்கும் கூடுதலாக ஒரு நாள் விடுங்கள். மழை கொட்டும்போது லேக்கர் அடித்தால் வெள்ளை பூத்துவிடும்.

சாயம் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய்ச் சாயம் காயும்போது உள்ளே சூடு ஏறி, நெருப்பு வைக்காமலேயே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய டின்னில் அமிழ்த்துங்கள்.

பாலியூரித்தேன் முழுதாக இறுக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதனால் கடைசிப் பூச்சைக் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். நாள் நெருங்கிவிட்டால், நிலையில் மாவிலைத் தோரணத்தை டேப் போட்டு ஒட்டாதீர்கள், எடுக்கும்போது தோலோடு வந்துவிடும். சுவரில் இரண்டு பக்கமும் ஆணி அடித்துக் கயிற்றில் கட்டுங்கள்.